டவுன் கட்சியும் திட்டுக் கட்சியும்

போன வாரம் பெங்களூரிலிருந்து என் தம்பி மகள் போன் செய்தாள். கணவன், குழந்தைகளோடு புதுச்சேரிக்கு வருகிறாளாம். எங்கே தங்குவது என்று வீட்டில் ஒரே சண்டையாம்.

"அத்தே, நீங்களே சொல்லிடுங்க. டவுன்ல பழைய பிரெஞ்சு பங்களாவை எல்லாம் ஓட்டலாக்கி இருக்காங்களே, அங்க தங்கலாமா? இல்ல, படகுல கூட்டிட்டுப் போற தீவுல தங்கலாமா?"

நான் சிரித்த சிரிப்பில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பாள். பின்னே என்ன? இதே கேள்விக்காக ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் உம்மென்று இருந்தவள் நான். அதுவும் ரிசார்ட் என்ற வார்த்தையே ஊருக்குள் வராத காலத்தில்!

எழுபதுகள். புதுச்சேரிக்குத் தெற்கே பாகூரில், பெண்கள் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். நான் வாலிபால் ஆடுவேன் என்றால் இப்போது என் டாக்டரே நம்ப மாட்டார். ஆனால், ஆடினேன். அடிப்பவளுக்குப் பந்தை வாகாகத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. அடிப்பவள் ஜைபுன். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் மகள், இடது கைக்காரி. அவள் எகிறி ஒரு ஸ்மாஷ் அடித்தால் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் பந்தைத் தடுக்க மாட்டார்கள்... முகத்தைத்தான் மறைப்பார்கள். கேப்டன் தனலட்சுமி. எங்களிலேயே உயரம், எங்களிலேயே முரடு.

இவ்வளவு இருந்தும் முந்தின வருடம் டவுனில் நடந்த போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஏன் தெரியுமா? பாவாடை! பந்தைத் துரத்தி ஓடிய தனலட்சுமி, தன் பாவாடையைத் தானே மிதித்துக் குப்புற விழுந்தாள். தாடையில் தையல் போடும்படி ஆனது.

இந்த வருடம் போட்டி நடத்துபவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: பாவாடை, தாவணியோடு வரும் டீமைச் சேர்க்க மாட்டோம். 'நமக்காகவே ஒரு சட்டம் போட்டுட்டாங்கடி!' என்று தனலட்சுமிக்கு ஒரே பெருமை.

தலைமை ஆசிரியைக்குப் பெருமை இல்லை. "இந்தத் தடவையும் முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்தீங்கன்னா டீமைக் கலைச்சிடுவேன். ஒழுங்கா உட்கார்ந்து பரீட்சைக்குப் படிங்க" என்று சொல்லிவிட்டார்.

சரி, பாவாடை கூடாது. வேறு எதைப் போடுவது? அரை டிராயர் என்று எங்கள் பி.டி. டீச்சர் ரோஸ்லின் மெல்ல ஆரம்பித்ததுமே பாகூர் பஜார் கொதித்தது. என் அப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார்.

"டிராயர் மாட்டிக்கினு டவுன்ல போயி குதிப்பியா? கடைக்கு வர்றவன் என்னைப் பாத்து இன்னா கேப்பான்?"

என் அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "ஏரிக்கரையில நாத்து நடுறாங்களே, அவங்க முட்டிய மட்டும் எவனும் பாக்கலியா? எல்லாரும் கண்ண மூடிக்கினா போறீங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சம்மதம் சொல்லவில்லை.

வழி சொன்னவர் ஜைபுனின் அத்தா, அந்த ஜவுளிக்கடை பாய். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "பாவாடைதானே டீச்சர் வேணாம்னாங்க? நான் பேண்ட்டு தச்சுக் குடுத்துடறேன். எம் பொண்ணுக்கு மட்டும் இல்ல, எல்லாப் பொண்ணுக்கும். கால் மூடுனா மாதிரியும் ஆச்சு, ஓடுனா மாதிரியும் ஆச்சு."

ரோஸ்லின் டீச்சர் போட்டி நடத்துபவர்களைக் கேட்டார். ஆட்சேபணை இல்லை என்றார்கள். கால் மூடியிருக்கும் என்றதும் என் அப்பாவும் இறங்கிவந்தார். நீலத் துணியில் தொளதொளவென்று ஆளுக்கொரு பேண்ட் வந்து சேர்ந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் பேண்ட் போடும் ஆண்களே கொஞ்சம்தான். பெண்கள்? கேட்கவே வேண்டாம். வகுப்பறையைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தோம். ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தே வயிறு வலித்தது. நடந்தால் வாத்து நடப்பதுபோல் இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு எகிறுவதா?

பழக வேண்டும். எங்கே பழகுவது? பாகூர் மைதானத்தில் முடியாது... ஊரே வேலி ஓரம் நின்றுவிடும். போட்டிக்குக் கொஞ்சம் முன்னதாகவே டவுனுக்குப் போய்த் தங்கிவிடலாம் என்று முடிவானது. இங்கேதான் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம்.

கடற்கரைக்குப் பக்கத்தில், பழைய டவுனின் நட்டநடுவே சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் தங்கலாம் — இது ரோஸ்லின் டீச்சரின் ஏற்பாடு. ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டில் தன் பெரியம்மா வீடு இருக்கிறது, அங்கே தங்கலாம் — இது தனலட்சுமி. அரியாங்குப்பம் ஆறு கடலில் போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால் இருந்த சின்னத் தீவு அது. தென்னை மரங்கள், மணல், பத்துப் பதினைந்து மீனவர் குடிசைகள். கரண்ட் கிடையாது.

நான் டவுன் கட்சியின் தலைவி! கோடு போட்டதுபோல் நேரான தெருக்கள், உயர உயரமான ஜன்னல்கள், மாலையில் கடற்கரைச் சாலையில் எரியும் விளக்குகள், ஐஸ்கிரீம்... இதையெல்லாம் விட்டுவிட்டுத் திட்டில் போய் நண்டு பார்ப்பதா? பிரசாரம் செய்து ஓட்டுச் சேர்த்தேன். ஜெயித்தேன்.

என் ஆட்சி ஒரே நாளில் கவிழ்ந்தது.

விடுதி அழகாகத்தான் இருந்தது. சிஸ்டர்களும் அன்பாகத்தான் இருந்தார்கள். அன்று மாலை முற்றத்தில் வலை கட்டி, பேண்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். முற்றத்துக்கும் தெருவுக்கும் நடுவே வெறும் கம்பிக் கேட்தான். முதலில் சைக்கிளில் போன ஒருவன் நின்றான். பிறகு நான்கு பேர். கொஞ்ச நேரத்தில் கேட் முழுக்க முகங்கள்.

"டேய், பொம்பள பேண்ட்டுடா!"

விசில். பாட்டு. வாட்ச்மேன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சிலேயே திட்டினார். அதற்கும் சேர்த்து விசில் அடித்தார்கள்.

நான் பந்தைத் தூக்கிக் கொடுத்தேன். ஜைபுன் எகிறவில்லை. மறுபடியும் கொடுத்தேன். பந்து அவள் காலடியில் விழுந்து உருண்டது. அவள் இரண்டு கையாலும் பேண்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஸ்மாஷர்! அவள் கண்ணில் தண்ணீர்.

தனலட்சுமி வலையை அவிழ்த்துச் சுருட்டினாள். "காத்தால நாம திட்டுக்குப் போறோம்."

"பெத்தவங்க கிட்ட சிஸ்டருங்க ஹாஸ்டல்னு சொல்லில்ல கூட்டியாந்திருக்கேன்?" என்று ரோஸ்லின் டீச்சர் தயங்கினார்.

பதில் சொன்னது ஜைபுன். "டீச்சர், எங்க அத்தா பேண்ட்டு தச்சுக் குடுத்தது ஆடுறதுக்கு. உள்ள குந்திக்கினு இருக்கறதுக்கு இல்ல."

டீச்சர் பாகூர் பஸ் கண்டக்டரிடம் எங்கள் வீடுகளுக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, எங்களைப் படகில் ஏற்றினார். நான் டவுன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தேன். ஒருத்தியோடும் பேசவில்லை. ஒரு ஐஸ்கிரீம்கூடச் சாப்பிடாமல் பதவி போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

தனலட்சுமியின் பெரியம்மா பெயர் அலமேலு. தினமும் காலையில் டவுன் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோய் விற்பவர். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னாத்துக்குடி கால்ல இவ்ளோ துணி? மடிச்சி வுடுங்க, சேறாயிடப் போவுது."

அவ்வளவுதான்! டவுனில் கேட் அடைக்கக் கூட்டம் கூட்டிய பேண்ட், அந்தத் திட்டில் சேறு படக்கூடாத துணி. அங்கே அதற்கு வேறு அர்த்தமே இல்லை.

இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு கிழிந்த மீன்வலையைக் கட்டினோம். மணலில் கால் புதைந்தது. புதைந்த காலைப் பிடுங்கி எகிறிப் பழகிவிட்டால் கெட்டித் தரையில் பறக்கலாம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு, "எங்க, அந்தப் பந்த இப்டித் தள்ளு" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களும் இறங்கிவிட்டார்கள். விதிமுறையா? அதெல்லாம் கிடையாது. அவர்கள் அடித்த அடியில் பந்து ஆற்றில் போய் விழுந்தது. ஜைபுன் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில், பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை மறந்தே போனாள். அடுத்த பந்துக்கு எகிறினாள் பாருங்கள்... வலையில் இன்னொரு கிழிசல்!

எனக்கும் அங்கே ஒரு பாடம் கிடைத்தது. நடத்தியது கடல் காற்று. பாகூரில் நான் பந்தை உயரமாகத் தூக்கிக் கொடுப்பேன். திட்டில் அப்படிக் கொடுத்த ஒவ்வொரு பந்தையும் காற்று கொண்டுபோனது. எரிச்சலில் வலைக்குச் சற்று மேலேயே வேகமாகக் கொடுத்துப் பார்த்தேன். காற்று தொடுவதற்குள் ஜைபுன் கைக்குப் போய்விட்டது. அட! மதியம் அலமேலு அம்மா வைத்த மீன் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். டவுன் கட்சி அன்றோடு கலைந்தது.

போட்டி தொடங்கியது. காலையில் படகில் டவுனுக்கு, மாலையில் படகில் திட்டுக்கு. மைதானம் கடலைப் பார்த்து இருந்தது. முதல் ஆட்டம் ஜெயித்தோம். 'டீமைக் கலைச்சிடுவேன்' என்ற கண்டம் தாண்டியாயிற்று! அடுத்ததும் ஜெயித்தோம். அதற்கடுத்து... பைனல்!

எதிரே டவுன் டீம். வெள்ளை அரை டிராயர், வெள்ளை ஷூ. எங்களுக்கு நீல பேண்ட், வெறும் கால். கேட்டில் நின்ற அதே விசில்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் செட் போயிற்று. ஜைபுனின் கை மறுபடியும் பேண்ட் பக்கம் போவதைப் பார்த்தேன்.

அப்போதுதான் அலமேலு அம்மாவும் திட்டுப் பெண்களும் மீன் விற்று முடித்த கூடைகளோடு மைதானத்துக்குள் நுழைந்தார்கள். நேராகப் போய் விசில்காரர்களுக்கு முன்னால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவன் விசில் அடிக்க வாயைக் குவித்தான்.

அலமேலு அம்மா திரும்பினார். "டேய், வாய்ல இன்னாடா? கெளுத்தி மீனு மாட்டிக்கினா மாதிரி தொறந்து வச்சிக்கினு கீற? மூடு!"

மைதானமே சிரித்தது. இந்த முறை எங்களைப் பார்த்து அல்ல!

இரண்டாவது செட் எங்களுக்கு. மூன்றாவது செட்டின் நடுவில் ஒரு பழக்கப்பட்ட குரல் என் பெயரைச் சொல்லி அதட்டியது. அப்பா! பக்கத்தில் ஜைபுனின் அத்தா. பெண்கள் விடுதியில் இல்லை, ஏதோ திட்டில் இருக்கிறார்கள் என்று கண்டக்டர் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்து சொல்ல, கடையைப் பூட்டிவிட்டு எங்களை இழுத்துப் போக வந்திருக்கிறார்கள். அப்பா ஆடுகளத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தேவிட்டார்.

அலமேலு அம்மா அவர் வேட்டியைப் பிடித்தார். "இன்னா மொதலாளி, பொண்ணு ஆடிக்கினு இருக்குது, கண்ணு தெரில? குந்து."

என் அப்பாவை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டார் — கவிழ்த்துப் போட்ட மீன் கூடைமேல்!

கடைசி நேரத்தில் காற்று எழும்பியது. டவுன் டீம் உயரமாகத் தூக்கிய பந்துகள் திசைமாறிப் போய் விழுந்தன. பின்தங்கியிருந்த நாங்கள் அவர்களை எட்டிப் பிடித்தோம், தாண்டினோம். இன்னும் ஒரே ஒரு பாயின்ட். தனலட்சுமி சர்வீஸ் போட்டாள். பந்து திரும்பி வந்தது. எங்கள் பின்வரிசை எடுத்துக் கொடுத்தது. என் கைக்கு வந்தது. உயரமாகக் கொடுக்கவில்லை... தாழ்வாக, சட்டென்று, வலது ஓரத்துக்கு. ஜைபுன் அங்கே ஏற்கனவே காற்றில் இருந்தாள்.

அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

எல்லோரும் ஓடிப்போய் அவளைத் தூக்கினோம். ரோஸ்லின் டீச்சர் அழுதார். "எம் பொண்ணு! நான் தச்ச பேண்ட்டு!" என்று அவள் அத்தா முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என் அப்பா கூடையைவிட்டு எழுந்து வந்தார். என்ன சொல்வாரோ என்று நான் தனலட்சுமியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அந்தப் பந்த நீதானே தூக்கிக் குடுத்த?" என்றார்.

"ஆமாம்பா."

"நல்லா குடுத்த."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால், பாகூர் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கோப்பையைக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். பருப்பு வாங்க வந்தவர்கள் எல்லாம் ஆட்டத்தின் கதையை முழுசாகக் கேட்ட பிறகுதான் பருப்பு வாங்க முடிந்தது.

இன்றைக்கு யோசித்தால் ஒன்று புரிகிறது. டவுன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஜெயித்தது டவுனில்தானே? ஆனால், புதிதாக ஒன்றைப் பழகுகிறவர்களுக்கு, தப்புத் தப்பாகச் செய்தாலும் யாரும் விசில் அடிக்காத ஓர் இடம் முதலில் வேண்டும். அது தீவாக இருந்தாலும் சரி, மொட்டை மாடியாக இருந்தாலும் சரி. அதனால்தான் தம்பி மகளிடம், "தீவுலயே தங்குங்க, டவுனுக்குப் படகுல போயிட்டு வாங்க" என்று சொன்னேன்.

சொல்ல மறந்துவிட்டேனே, கோப்பை வந்த அடுத்த மாதமே ஆண்கள் பள்ளி டீம், எங்களோடு ஆடிப் பழக ஆசைப்படுவதாக ஆள் அனுப்பியது. ஒப்புக்கொண்டோம் — ஒரு வாரம் கெஞ்சவிட்டு!