கஞ்சி போட்ட பாவாடை

எங்கள் நாடகக் குழுவுக்குத் துணி தைக்கிற கூட்டாளி, ருஷ்யப் பத்திரிகை ஒன்றிலிருந்த பாலே படத்தைக் காட்டினான். ஆடுகிறவளின் இடுப்பைச் சுற்றித் தாம்பாளம் மாதிரி குட்டைப் பாவாடை.

"மொதல்ல கணுக்கால் வரிக்கும் இருந்துச்சாம்பா. கால் வேலை தெரியணும்னு வர வர மேல ஏத்திட்டாங்களாம். நாம ரெண்டு பேரும் ஜோடியா ஆடலாம்" என்றான்.

கொசுவலையை அடுக்கடுக்காகத் தைத்து, கஞ்சியில் முக்கிக் காயவைத்தோம். உத்திரமேரூர்த் திருவிழாவில் திரை விலகியபோது மேடையில் நான் மட்டும் நின்றேன். அவனோ வேட்டி சட்டையில், எனக்குப் பெண் கொடுக்கவிருந்த சாலவாக்கத்துக்காரர் பக்கத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

பாவாடையை முன்னால் அமுக்கினேன், பின்னால் தூக்கிக்கொண்டது. பின்னால் அமுக்கினேன், முன்னால் தூக்கிக்கொண்டது. அதுதான் நடனம் என்று ஊரே கைதட்டியது.

"இன்னாபா, மாப்ளைக்குத் துணி பத்தலையா?" என்றார் சாலவாக்கத்துக்காரர்.

"அவன் எப்பவுமே அப்படித்தான் மாமா" என்றான் என் கூட்டாளி.

சம்பந்தம் நின்றுபோனது. அடுத்த தையில் அந்தப் பெண்ணை அவனே கட்டிக்கொண்டான். பந்தலில் அவனுடைய பட்டு வேட்டி கணுக்காலை மறைத்துத் தரையில் புரண்டது. கால் வேலை எதுவும் வெளியே தெரியவில்லை.