நான்கு பேருக்கு எழுதிய கேரல்

போன வாரம் பள்ளிக்கரணையில் எங்கள் அடுக்ககத்தில் ஒரு கிரகப்பிரவேசம். லிஃப்ட் ஓடவில்லை. பித்தளைக் குத்துவிளக்கைத் தோளில் சாய்த்து நான்கு மாடி ஏறியது நான்தான். இந்த மாதிரி வேலைக்கு என்னை யாரும் கேட்க வேண்டியதில்லை. மேலே போய் முகத்தைத் துடைத்தேன். உள்ளங்கையில் வியர்வையும் பித்தளையும் கலந்த வாடை. அவ்வளவுதான், எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் போய் நின்றுவிட்டேன்.

அப்போது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு, சர்ச்சில் யூஃபோனியம் ஊதுபவன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: குழந்தை மாதிரி மடியில் உட்காரும் பித்தளை வாத்தியம், கீழ்ச்சுரம் அதன் வேலை. செல்வின் கிளாரினெட், பள்ளியிலிருந்தே என் பெஞ்சு. ட்ரம்பெட் இரண்டும் கல்யாண பேண்டு ஏழுமலை அண்ணனும் அவர் தம்பியும். கிறிஸ்துமஸ் வந்தால் எங்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

பழைய ஆங்கில கேரல்களை, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டுகளை, பியானோ புத்தகத்திலிருந்து நான்கு பேருக்குப் பிரித்து எழுதுவது என் பைத்தியம். இசைத்தாள் எங்கள் பக்கம் கிடைக்காது. ஐந்து ரீஃபில்களை ஸ்கேலில் ரப்பர் பேண்டால் கட்டி ஒரே இழுப்பில் ஐந்து கோடு போடுவேன். பாதி நேரம் நாலுதான் விழும். முதல் தடவை பியானோவில் இருந்ததை அப்படியே இறக்கிவிட்டேன். ஏழுமலை அண்ணன் இரண்டு வரி ஊதி, முகம் சிவந்து நிறுத்தினார்.

"இன்னா தம்பி, இதுல எங்க மூச்சு வுட்றது? நான் இன்னா மோட்டார் பம்பா?"

பியானோவுக்கு மூச்சு வேண்டாம் என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுபடி எழுதினேன், மூன்று மாதம். கடைசிச் சரணத்தில் ஓர் இடம்: இரண்டாம் ட்ரம்பெட் மெட்டோடு ஒட்டாத சுரத்தில் ஒரு நொடி உரசி நின்று, மெல்ல இறங்கும். அந்த உரசலுக்காகத்தான் முழுப் பாட்டையும் எழுதினேன். செல்வினுக்கு மட்டும் அது தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நகலெடுத்தவன் அவன். வெள்ளிக்கிழமை ஒத்திகைகளில் அந்த இடம் ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. "அன்னிக்கு வந்துரும் மச்சான்" என்பான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து முற்றத்தில் ஊதினோம். முதல் வரியிலேயே நான் எழுதாதது கேட்டது. மூன்று பேரும் ஒரே மெட்டை ஊதினார்கள், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. நான் மட்டும் கீழே தனியாகப் பூம், பூம் என்று. அந்த இடம் வந்தது, உரசாமலே போயிற்று. ஒரே கைதட்டல். "இந்த வருஷம்தாம்பா பாட்டே புரிஞ்சுது" என்றார் ஓர் ஆன்ட்டி.

"யாரு மாத்துனது?" என்றேன்.

செல்வின் கிளாரினெட்டைக் கழற்றிக்கொண்டே, "நான்தான். ஜனங்களுக்கு மெட்டு வேணும் மச்சான். சொன்னா நீ ஒத்துக்க மாட்ட" என்றான்.

"எப்ப பழகுனீங்க?"

"வியாழக்கிழமைல. உனக்கு டியூஷன் இருக்கும்ல."

ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "உனுக்குத் தெரியும்னுதானப்பா அவன் சொன்னான்!"

நான் எழுதியதை மாற்றியதை அடுத்த வருடமே மன்னித்திருப்பேன். பொழிச்சலூரில் அவன் வீட்டு மாடியில் ஐந்து வியாழன்கள் பழகிவிட்டு, மறுநாள் என் எதிரே உட்கார்ந்து, என் தாளைப் பார்த்து ஊதி, தப்பு விட்டுச் சிரித்தானே, அதுதான் முடியவில்லை.

அதன்பிறகு நான் எழுதவில்லை. தொண்ணூறுகளில் சர்ச்சுக்குக் கீபோர்டு வந்தது. ஏழுமலை அண்ணன் இறந்துபோனார். செல்வின் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறான். தாள்கள் வீடு மாறியபோது தொலைந்தன. என் பாகம் மட்டும் மனப்பாடம். ஒருநாள் சமையலறையில் மெட்டில்லாத அந்தப் பூம், பூமை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "இது என்ன பாட்டுப்பா?" என்றாள் மகள்.

கேரல் என்றேன். அவள் நம்பவில்லை.