நிர்வாகிகள் குழுவிலிருந்து என் பெயரை நானே நீக்கிய நாள்

இலங்கையில் போர்நிறுத்தம் வந்து, சமாதான காலம் தொடங்கி இரண்டாவது வருடம். கிளிநொச்சியில் ஒரு சிறிய கணினி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் ஜெனரேட்டரில்தான். மறுநாள் காலை எங்கள் முதலாவது செய்முறைப் பரீட்சை. தூரத்து மல்லாவியிலிருந்துகூடப் பிள்ளைகள் வர இருந்தார்கள்.

பரீட்சைக் கோப்புகள் இருந்த பிரதான கணினியில் பயனர்களைக் குழுக்களாகப் பிரித்தேன். மாணவர் குழு கோப்புகளைத் திறக்கலாம், அழிக்க முடியாது. ஆசிரியர் குழு திருத்தலாம். நிர்வாகிகள் குழு எல்லாமே செய்யலாம். பெயர்களைச் சேர்க்கச் சேர்க்க எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. ஒருவர் ஒரு குழுவில் மட்டும் இருந்தால்தானே ஒழுங்கு என்று நினைத்து, என் பெயரை ஆசிரியர் குழுவில் போட்டுவிட்டு, நிர்வாகிகள் குழுவிலிருந்து நீக்கினேன்.

அதன் பிறகுதான் பட்டியலைப் பார்த்தேன். அங்கே மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கணக்கு. அதன் கடவுச்சொல் தெரிந்த மனிதர் கணினிகளைப் பொருத்தித் தந்துவிட்டு வெளிநாடு திரும்பிவிட்டார். இனி நிர்வாகி என்று இங்கே ஒருவரும் இல்லை, விடிந்தால் பரீட்சை. கணினியை நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்கினால் பழையபடி வந்துவிடும் என்று கை பொத்தானுக்குப் போனது.

"சேர், நிப்பாட்டாதேங்கோ."

பின்னால் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்த மாணவி. தர்மபுரத்திலிருந்து சைக்கிளில் வருபவர், அதிகம் கதைக்கமாட்டார்; கணினிக்குப் புதியவர் என்றுதான் நினைத்திருந்தேன். எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"கணினிக்குள்ள வரேக்க எந்தக் குழுவில இருந்தனீங்களோ, வெளியில போகுமட்டும் அந்த உரிமை இருக்கும். இப்பவே திரும்பச் சேருங்கோ."

அந்த நேரம் பார்த்து வெளியே ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது. பெற்றோல் முடிகிறது! திரை ஒருமுறை மங்கியது. அவசரமாக என் பெயரைத் தட்டினேன். எழுத்துப் பிழைத்து, அப்படி ஒருவர் இல்லை என்றது கணினி. மறுபடி தட்டினேன். பட்டியலில் என் பெயர் வந்து நின்றது. சரி என்று அழுத்தி மூச்சுவிடுவதற்குள் திரை கறுத்துவிட்டது.

பெற்றோல் ஊற்றி, இயக்கி, உள்ளே போனால் எல்லாம் திறந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டேன். வவுனியாவில் ஒரு கடையில் இரண்டு வருடம் கணினி வேலை செய்தவராம். சான்றிதழ் இல்லாததால்தான் எங்களிடம் வந்தாராம். அங்கே அவரும் இதே பிழையை விட்டிருக்கிறார்.

"அண்டைக்கு நான் நிப்பாட்டிப்போட்டன், சேர்," என்றார்.

பரீட்சை முடிந்த கையோடு அவர் பெயரை நிர்வாகிகள் குழுவிலும் சேர்த்தேன். புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது, இவர் இன்னார் என்று மனம் இன்றும் அவசரப்பட்டு முடிவுகட்டப் பார்க்கும். இவருக்கு வேறு என்னவெல்லாம் தெரியுமோ என்று ஒரு கணம் பொறுத்துக் கேட்கப் பழகியது அந்த நாளில்தான்.