பெட்ரோல் மூடிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு

கேரளத்துப் பாறசாலையில் என் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் தினமும் காலையில் என்னிடம் நல்ல தமிழில்தான் பேசுகிறார். "வாரும், சாயா எடுக்கட்டா? பாண்டியில மழை உண்டா?" என்கிறார். பாண்டி என்றால் தமிழ்நாடு. அங்கிருந்து வந்தவனும் பாண்டிதான். தமிழில் பேசிக்கொண்டே ஒரு தமிழனைப் பாண்டி என்று கூப்பிடும் இந்த வேடிக்கை பதினோரு வருடமாகியும் எனக்குச் செரிக்கவில்லை. துபாய்க்கும் கனடாவுக்கும் போனவர்கள் எழுதும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். நான் சங்கரன்கோவிலிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி அரை நாளில் வந்து சேர்ந்தவன். விசா கேட்கவில்லை, கடலைத் தாண்டவில்லை. ஆனாலும் எல்லை ஊரான களியக்காவிளையைக் கடந்ததும் என் பெயர் போய், அந்த ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய கார்களின் பெயின்டை மீட்பது என் தொழில். கழுவி, ஒட்டிய அழுக்கை உருட்டி எடுத்து, கீறல்களை மெஷினால் தேய்த்து, வெயிலில் செத்துப்போன நிறத்துக்கு மறுபடி உயிர் கொடுப்பேன். காட்டாக்கடையிலிருந்துகூட வண்டி வருகிறது. பாண்டியானாலும் கை நல்ல கை என்று பாராட்டுவார்கள். ஊரில் நான் வேலை பார்த்த பட்டறையில், வேலை முடிந்த வண்டிக்கு நெற்றியில் குங்குமம் வைத்துத்தான் வெளியே விடுவோம். இங்கே முதல் வண்டிக்கு அப்படி வைத்தபோது, "பாலிஷ் போட்ட மேல அழுக்காக்குதீரே, இது என்ன பாண்டி ஏர்ப்பாடு?" என்று அதன் சொந்தக்காரர் என் கண்ணெதிரே துடைத்தெறிந்தார். எனக்கு வீம்பு. அன்றிலிருந்து பெட்ரோல் ஊற்றும் மூடியின் உள்பக்கத்தில், யாரும் பார்க்காத மூலையில், தீக்குச்சி முனையால் சிவப்புப் பெயின்டில் அரிசி அளவுக்கு ஒரு பொட்டு வைக்கிறேன். நான் தொட்ட எல்லா வண்டியிலும் அது இருக்கும்.

போன மாதம் பூவாரிலிருந்து செல்வதாஸ் ஒரு வெள்ளைக் காரோடு வந்தார். கடலுக்குப் போய்ப் பிழைக்கிறவர். பானெட்டின் மேல் பெயின்ட் தோல் தோலாக உரிந்திருந்தது.

"வாங்கி ஒரு வருசம் ஆவல்ல. ஏதோ ஒரு பாண்டிக்காரன் கண்டதையும் பூசி நம்மள ஏமாத்திப்போட்டான், கேட்டீரா" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உம்மளச் சொல்லேல்ல. நீரு நம்ம ஆளாக்கும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுகிறவனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரையே திட்டிவிட்டு எனக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறவனைப் பொறுக்க முடிவதில்லை. வண்டியைக் கழுவ ஆரம்பித்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்க மவ ஷைனி தனுவச்சபுரத்துல காலேஜ்ல படிப்பிக்கா. தெனமும் இதிலதான் போவா. உரிஞ்ச வண்டியில செண்ணு எறங்க நாணமா இருக்காம்."

பெட்ரோல் மூடியைத் திறந்து துடைக்கப் போனேன். மூலையில் என் பொட்டு இருந்தது.

புரோக்கர் சசியின் வண்டி! போன ஓணத்துக்கு முன்னால் நெய்யாற்றின்கரையிலிருந்து அவன் கொண்டுவந்து விட்டது. ஒரு வெள்ளைக் காருக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம்? சீட் உறையெல்லாம் மாற்றியிருந்ததில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நேருக்கு நேர் மோதிய வண்டி அது. இன்ஜினைத் தாங்கும் முன்சட்டம் வளைந்ததை அடித்து நிமிர்த்தி, அரைகுறையாக வெல்டு வைத்திருந்தார்கள். அதை மறைக்கும்படி உள்ளேயும் கறுப்புப் பூசி மினுக்கச் சொன்னான்.

"சசியண்ணே, இன்னொரு தடவ மோதினா முன்னால இருக்கவங்க தப்ப மாட்டாங்க. வாங்குறவங்ககிட்ட சொல்லிருவீங்கல்லா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்குலே அது? பாண்டிக்குப் போற வண்டியாக்கும்."

என்னிடமே சொன்னான். கையிலிருந்த மெஷினை அவன் மேல் எறிந்திருக்க வேண்டும். நான் செய்ததோ, கறுப்பைப் பூசி, வெளியே வெள்ளையைப் பூசி மினுக்கி, மூடியைத் திறந்து பொட்டும் வைத்தேன். வேலை கொடுக்கிறவனைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. டீக்கடையில் ஒரு சொல்லுக்குப் பதினோரு வருடமாகக் குமுறுகிற ரோஷக்காரன் நான். அன்றைக்கு அந்த ரோஷம் எங்கே போயிருந்தது என்று நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

பாண்டிக்கு என்று சொன்ன வண்டியை சசி பூவாரிலேயே தள்ளியிருக்கிறான். சொல்லாமலும் இருந்திருக்கலாம். பொட்டு அவருக்குத் தெரியாது. மறுபடி மினுக்கிக் கொடுத்தால் ஷைனி மறுநாள் காலையில் அதில் ஏறிப் போயிருப்பாள். அதை நினைத்ததும் கை நின்றுவிட்டது.

"அந்தப் பாண்டிக்காரன் நான்தாங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பானெட்டைத் தூக்கி, தின்னர் நனைத்த துணியால் கறுப்பைத் துடைத்து வெல்டைக் காட்டினேன். அடியிலிருந்த சுத்தியல் அடிகளைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து, விரலால் அந்த இரும்பைத் தடவினார். கழுத்துச் சிலுவை முன்னால் தொங்கி ஆடியது.

"எனக்க மவ இதிலயாக்கும் போனா" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து, "உமக்க ஊருக்காரனுக்கு இப்பிடிச் செய்வீரா ஓய்?" என்று கத்தினார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "எங்க ஊருக்குப் போற வண்டின்னு சொன்னதாலதாங்க மேல ஒண்ணும் கேக்காமச் செஞ்சேன்."

அவர் அதற்குப் பிறகு திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "நாளைக்கு சசிக்க இடத்துக்கு எங்க கூட வாரும். எனக்க மவளுக்க முன்ன நின்னு இதெயே சொல்லும்" என்றார்.

சாயங்காலமே சசிக்குச் செய்தி எட்டிவிட்டது. "எலே பாண்டி, மூட்டையக் கட்டிட்டு பார்டர் தாண்டிக்கோ. இனி ஒரு வண்டி வராது உனக்கு" என்று போனில் கத்தினான். வாறேன், நாளைக்கு நேரில் வாறேனாக்கும் என்று நானும் கத்தினேன். கோபத்தில் அவர்கள் பேச்சே என் வாயில் வந்தது.

மறுநாள் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஷைனி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முன் சீட்டில் செல்வதாஸ். அவர் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. உட்காரும் என்று அவர் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. சங்கரன்கோவிலிலிருந்து மைத்துனன்.

"மச்சான், பழைய வண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கேரளா வண்டியாப் பாத்து அனுப்புங்க. ஒங்க ஆளுங்க வண்டிய நல்லா வச்சிருப்பாங்கல்லா."

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இடையில் ஏறியவர்கள்கூட அந்தக் காலி இடத்தைக் காட்டி, இருக்கச் சொன்னார்கள். செல்வதாஸ் நகரவுமில்லை, திரும்பவுமில்லை. நெய்யாற்றின்கரை வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன்.