மணையில் உட்கார ஓர் இடுப்பு

வலி முதலில் முட்டியில்தான் வந்தது. அதனால் முட்டிக்குத்தான் வைத்தியம் பார்த்தேன். தைலம் தேய்த்தேன், உப்பு ஒத்தடம் கொடுத்தேன், மருந்துக் கடையில் விற்கும் முட்டிப் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டேன். எதற்கும் அடங்கவில்லை. சரி, அண்ணாமலையாரே பார்த்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு மலையைச் சுற்றினேன். வலி போகத்தான் நடந்தேன்; நடக்க நடக்க வலி கூடியது. கூடக் கூட, வேண்டுதலில்தான் ஏதோ குறை என்று மறுபடியும் நடந்தேன். இந்தக் கூத்து எங்கள் ஊரில்தான் நடக்கும்.

செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல்கட்டு என் பொறுப்பு. ஒருநாள் சாம்பார் குண்டானை இறக்கிவிட்டுத் திரும்பியபோது வலது கால் திரும்ப மறுத்தது. அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் வந்துதான் ஆட்டோவில் ஏற்றினார்.

எங்கள் ஊர் எலும்பு டாக்டர் முட்டியைத் தொடவே இல்லை. படுக்க வைத்து, காலை மடக்கி, லேசாக உள்பக்கம் திருப்பினார். தொடை இடுக்கில் சுரீர் என்றது. நான் போட்ட சத்தம் வெளியே வராந்தா வரைக்கும் கேட்டதாம்.

"முட்டியில ஒண்ணுமில்லம்மா. கோளாறு இடுப்புல. அங்க கெட்டுப்போனா சில பேருக்கு முட்டியிலதான் வலிக்கும்."

எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஏ.வி.என். என்றார் (தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு பட்டுப்போவது). மாற்று மூட்டு வைக்க வேண்டும் (பட்டுப்போன பந்தையும் அது உட்காரும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுச் செயற்கையாகப் பொருத்துவது). உங்களில் யாருக்காவது முட்டி வலி மாதக்கணக்கில் நீடித்து, முட்டியில் குறை எதுவும் தெரியவில்லை என்றால், இடுப்பையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் ஒரு வருஷம் வீணாய்ப் போனது.

பயந்து அழுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் டாக்டர். மணையில உக்காரணும். முடியுமா?"

எங்கள் குடும்ப வழக்கத்தில், பெண்ணைப் பெற்றவர்கள் ஜோடியாகத் தரையில் மணைப்பலகை போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்துதான் தாரை வார்க்க வேண்டும். பெண்ணின் கையைப் பிள்ளையின் கையில் வைத்து நீரூற்றிக் கொடுப்பதுதான் தாரை வார்ப்பது. அம்மாவால் முடியாவிட்டால் சித்தப்பாவும் சித்தியும் அந்த இடத்தில் உட்காருவார்கள். சித்தி என்றால் காஞ்சனா, என் ஓரகத்தி. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரே வீட்டில் மேல்மாடி அவளுக்கு, கீழ்வீடு எனக்கு. கோலம் போடுவதிலிருந்து மோட்டார் போடுவது வரைக்கும் எங்களுக்குள் தகராறுதான். நான் பெற்ற பெண்ணை அவள் தாரை வார்ப்பதா? நினைத்தாலே வயிறு எரிந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் பின்பக்கமா, புட்டத்து வழியா போய் மூட்டை மாத்துற ஆளும்மா. அப்படிப் பண்ணா கொஞ்ச காலம் கட்டுப்பாடு ஜாஸ்தி. தொண்ணூறு டிகிரிக்கு மேல மடங்கக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது, தரையில உக்காரக் கூடாது. மீறினா பந்து கிண்ணத்தை விட்டு நழுவிடும்."

"தை வரைக்குமா?"

"தை தாண்டியும்."

அன்றிலிருந்து எனக்கு அந்த டாக்டரையே பிடிக்காமல் போனது.

விடுதியில் அப்போது ஜெர்மனிக்காரப் பெண்மணி ஒருவர் தங்கியிருந்தார். நான் விந்தி விந்தி நடப்பதைப் பார்த்து, சமையல்கட்டுக்கே வந்து தன் தொடையின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் மாற்று மூட்டுதான். முன்பக்க வழியாம். தசையை வெட்டாமல் விலக்கிவிட்டு உள்ளே போவார்களாம், கட்டுப்பாடு கம்மியாம். பேசிக்கொண்டே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தும் காட்டிவிட்டார். போதாதா எனக்கு? அந்த வாரமே கணவரை இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன்.

சென்னை டாக்டர் சின்ன வயசுக்காரர், முன்பக்க வழியில் தேர்ந்தவர். படுக்க வைத்துப் பார்த்தவர், என் அடிவயிற்று மடிப்பை இரண்டு விரலால் தூக்கினார். வெட்கத்தில் எனக்குப் பிராணனே போய்விட்டது.

"முன்பக்கம் கீறினா வெட்டு இந்த மடிப்புக்கு அடியில வரும்மா. எப்பவும் வேர்வை, ஈரம். உங்களுக்கு சுகரும் ஜாஸ்தி. புண்ணு ஆறாம கிருமி உள்ள போச்சுன்னா, வச்ச மூட்டையே எடுக்க வேண்டி வரலாம். ஒல்லியா இருக்கறவங்களுக்கு நல்ல வழிதான். உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்."

"பரவால்ல சார். தரையில உக்கார முடியுமா, அதைச் சொல்லுங்க."

"எந்த வழியில பண்ணாலும், தை மாசம் தரையில உக்காருங்கன்னு என் வாயால வராதும்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவரிடம் சண்டை போட்டேன். "மடிப்பு ஊர்ல எனக்கு மட்டும்தான் இருக்குதா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறொரு டாக்டர் முன்பக்கமாகச் செய்யாமலா போவார் என்று வீட்டுக்கு வந்தும் குதித்துக்கொண்டிருந்தேன். என் மகள் நித்யாதான் வாயை அடைத்தாள்.

"மணையில நீ உக்காரலைன்னாலும் எனக்குக் கல்யாணம் நடக்கும்மா. புண்ணோட நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தா நடக்காது."

மறுபடியும் ஊர் டாக்டரிடமே போனேன். கோபமே படாமல் சொன்னார்: "முன்வாசலா பின்வாசலான்னு கேக்காதீங்க. எந்த வாசல்ல இந்த ஆளு இருட்டுலகூட இடிச்சுக்காம போவான்னு கேளுங்க. எனக்கு அது பின்வாசல்." நான் கேட்டவற்றில் மிக உருப்படியான பேச்சு இதுதான். அவரவர் உடம்புக்கு எது தோதோ, செய்பவருக்கு எதில் கை பழகியதோ, அதுதான் வழி. பின்வாசலுக்கே சம்மதித்தேன். வீட்டுக்கு வந்து முகத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு அழுதேன். பிறகு மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"காஞ்சனா, மணையில நீதான் உக்காரணும்."

படியில் நின்றபடி என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். "மொதல்ல நீ எழுந்து நடந்து காட்டுக்கா. அப்புறம் பாக்கலாம்" என்று போய்விட்டாள்.

ஆபரேஷன் அன்று முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக, திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தச்சு வேலை நடக்கிற மாதிரி இருந்தது, மரக்கட்டை நான். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். புண் வலித்தது, ஆனால் பழைய வலி, அந்த முட்டி வலி, இல்லை. நம்ப முடியாமல் முட்டியைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டது காஞ்சனா. கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தாள், குனிய முடியாத எனக்குச் செருப்பு மாட்டினாள், உயரம் கூட்டிய கழிப்பறை இருக்கையைக் கழுவினாள். கூச்சத்தில் நான் செத்தேன். "இன்னாக்கா வெக்கம், நான் இன்னா பாக்காததா?" என்று அதட்டினாள். அதட்டட்டும். பெற்ற தாய் இருந்தால்கூட இப்படிச் செய்திருப்பாளா தெரியாது.

அந்த மாதங்களில் எதைப் பார்த்தாலும் அதன் உயரம்தான் முதலில் கண்ணில் பட்டது. கட்டில், நாற்காலி, ஆட்டோ சீட்டு, கோயில் படி. முன்பு நான் பாட்டுக்கு உட்காருவேன், எழுந்திருப்பேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நொடி நின்று யோசித்தாக வேண்டியிருந்தது. அப்படி நின்று நின்று நாள் நீண்டுபோனது. கோபித்துக்கொள்ளக்கூட நிதானம் வந்துவிட்டது என்று கணவர் கேலி செய்தார்.

தை வந்தது. முகூர்த்தத்தில் காஞ்சனாவும் கொழுந்தனாரும் மணையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் எனக்கும் கணவருக்கும் உயரமான நாற்காலிகள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஐயர் சொம்பைக் கொடுத்தார். காஞ்சனா அதை வாங்கி என் பக்கம் திரும்பினாள். "கையை நீட்டுக்கா."

நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் குனியப் போனபோது, நான் நினைப்பதற்கு முன்பே உடம்பு பாதியில் நின்றுகொண்டது. காஞ்சனா சொம்பைக் கீழே வைத்தாள்.

"எழுந்திருங்க எல்லாரும்."

"உக்காந்துதாம்மா செய்யணும்" என்றார் ஐயர்.

"நின்னு ஊத்தினாலும் தண்ணி கீழதான் விழும் சாமி. எழுந்திருங்க."

கொழுந்தனார் எழுந்தார். மாப்பிள்ளையும் நித்யாவும் எழுந்தார்கள். என் கணவர் கைகொடுக்க, நானும் எழுந்தேன். காஞ்சனா சொம்பை என் கையில் திணித்துவிட்டு விலகிக்கொண்டாள். நித்யாவின் கை மேலே வந்தது, என் கை இருந்த உயரத்துக்கு. ஊற்றினேன். கண்ணீர் எது, தாரை நீர் எது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு மேளம் கொட்டியது, தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். காஞ்சனாதான். "உக்காருக்கா, எவ்ளோ நேரம் நிப்ப?"

திரும்பிப் பார்த்தேன். மேடையில் எல்லாரும் எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். நான் மட்டும், எதையும் பிடித்துக்கொள்ளாமல், இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தேன்.