கூண்டின் மேல் வைத்த ரொட்டி

எலியின் காதருகே குனிந்து, "கோவிச்சுக்காதடி கண்ணு, ஒரே ஒரு ஊசிதான்" என்று சொல்லிவிட்டுத்தான் தில்புசா மருந்தை ஏற்றுவாள். கடித்தாலும் திட்டமாட்டாள். "பசி, கடிக்குது. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்பாள்.

சமர்கந்தில் எங்கள் மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில் அவளுடைய ஆய்வறை. பெருக்கித் துடைத்துத் தேநீர் கொடுப்பது என் வேலை. என் தங்கை வயதுதான் அவளுக்கு. குள்ளமான உருவம், கடித்துக் கடித்துத் தேய்ந்த பேனா மூடி, அங்கிப் பையில் எந்நேரமும் உலர்ந்த ஆப்ரிகாட் பழம். கோப்பையை நீட்டினால் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், வயிற்றைப் பார்ப்பாள்.

"சாப்டாச்சா அக்கா? அப்ப உள்ள காஸ்ட்ரின் சுரந்திருக்கும்."

"அது என்ன பண்ணும்?"

"அது ஒரு ஹார்மோன். வயிறுதான் ரத்தத்துல விடும். அது உடம்பெல்லாம் சுத்திட்டு வயித்துக்கே திரும்பி வந்து, உள்தோல் தேயுது பாரு, புதுசா வளருன்னு சொல்லும்."

"தன் பேருக்குத் தானே கடுதாசி போட்டுக்குதாக்கும்."

அவள் சிரித்த சிரிப்பில் எலிகள் மூலைக்கு ஓடின. இறைவன் இத்தனை ஏற்பாட்டையும் நமக்குச் சொல்லாமலே செய்து வைத்திருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

சாப்பாடே இல்லாமல் ஹார்மோன் மட்டும் தோலை வளர்க்குமா? அதுதான் அவள் கேள்வி. இரண்டு கூண்டு எலிகளைப் பட்டினி போட்டாள். ஒரு கூண்டுக்கு ஹார்மோன் ஊசி, மற்றதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. நவ்ரூஸ் பண்டிகைக்குள் விடை வராவிட்டால் அறை பல் மருத்துவர்களுக்குப் போய்விடும்.

விடை வந்தது. எதுவும் ஆகக் கூடாத உப்புத் தண்ணீர் எலிகளுக்கும் உள்தோல் வளரத் தொடங்கியிருந்தது. தில்புசா அன்று பையிலிருந்த பழத்தைத் தொடவில்லை. அறுத்து வைத்த அந்த எலிகளில் ஒன்றின் வயிற்றை மறுபடி கிளறியவள், ஊசி முனையில் கறுப்பாக ஒன்றை எடுத்துக் காட்டினாள். கருஞ்சீரகம். எங்கள் ஊர் ரொட்டியின் தலையில் தூவுவது.

"நான் வைக்கல தாயி" என்றேன்.

"நீங்க இல்லக்கா, நான்தான்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். முந்தின நாள் மதியம் அவள் கையிலிருந்து ரொட்டித் துண்டு தவறி விழுந்தது. எங்கள் ஊரில் எல்லோரையும்போல எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, கால் படாத உயரத்தில் வைத்தாள். கைக்கு எட்டிய உயரம், உப்புத் தண்ணீர்க் கூண்டின் கம்பிக் கூரை. கம்பி இடுக்கு வழியே எலிகள் கொறித்துவிட்டன.

துறைத் தலைவர் ஸாகிர் ஐயா கதவருகே நின்று எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார். "அந்தக் கூண்டு எலிங்க பாதியிலேயே செத்துப்போச்சுன்னு எழுதிடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"கருஞ்சீரகத்துக்குத் தெரியும் ஐயா."

"அறை போயிடும்."

"பாதி போகட்டும். ஒரு மூலையில பல்லப் புடுங்கட்டும், ஒரு மூலையில நான் வயித்தப் பாக்கறேன்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பின்னால் புது எலிகள், புதுப் பட்டினி. நேற்று சாப்பிடும்போது மறுபடி ரொட்டி விழுந்தது. எடுத்தாள், முத்தமிட்டாள், ஒற்றினாள். கை பழக்கப்படி கூண்டை நோக்கிப் போய் நடுவழியில் நின்றது. சுற்றிலும் பார்த்தாள். பிறகு தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, ரொட்டியை உச்சந்தலையில் வைத்து, அதன் மேல் தொப்பியை மாட்டிக்கொண்டு, தலை அசையாமல் முழங்காலை மட்டும் மடக்கி, ஊசியோடு எலியின் காதருகே இறங்கினாள்.