பேராவூரணியில் பார்த்த வண்டி

ஒரு பழைய கார் வாங்குவதற்குள் எனக்கு உயிரே வெறுத்துவிட்டது. பவிசுக்காகத் தேடவில்லை. என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரம் இரண்டு நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். போகும்போது பஸ்ஸில் போய்விடுவாள். திரும்பும்போதுதான் பாடு. துவைத்துப் பிழிந்த துணியாக என் தோளில் சாய்ந்து நிற்பாள், எழுந்து இடம் கொடுக்க ஒரு மகராசன் இருக்க மாட்டான். வாடகைக் கார்க்காரர் நல்லவர்தான், ஆனால் முகூர்த்த நாள் என்றால் போனை எடுக்க மாட்டார். அப்படி ஒரு முகூர்த்த நாளில் டயாலிசிஸ் தவறிப்போய், அவள் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். இனி அடுத்தவர் வண்டியை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

புரோக்கர் வேண்டாம், வண்டியின் சொந்தக்காரரிடமே நேராக வாங்கலாம் என்றான் மச்சினன். அவளுடைய தம்பி, லோடு வண்டி ஓட்டுகிறவன். எங்கள் பக்கம் மாடானாலும் நிலமானாலும் பேரத்துக்கு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் குறை சொல்ல, ஒருவர் வாய் மூடி நிற்க. நான் வாய் மூடுகிறவன். யாருக்கு வண்டி என்று கேட்டால் காலேஜ் போகும் மகளுக்கு என்று மட்டும் சொல்ல எனக்கு அனுமதி.

"ஆஸ்பத்திரிக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா. அவசரம்னு தெரிஞ்சா ஒருத்தன் இறங்கி வரமாட்டான்" என்றான்.

குத்தாலத்தில் ஒரு கார் பார்த்தோம். கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று நின்றது. மச்சினன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. வெள்ளத்தில் முங்கிய வண்டி. வெறும் தூசிதாங்க என்று வண்டிக்காரர் கூசாமல் சொன்னார். தஞ்சாவூரில் ஒருவர் காலையில் ஒத்துக்கொண்ட விலையைச் சாயங்காலம் ஏற்றினார், வேறு பார்ட்டி கூடுதல் விலைக்குக் கேட்கிறது என்று. நாங்கள் ஏற்றினோம், அவரும் ஏற்றினார், கடைசியில் தன் சகலைக்கே கொடுத்துவிட்டார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். என் கால் வலிக்கும் பெட்ரோலுக்கும் இந்த ஊரில் மதிப்பே கிடையாதா என்று ஆத்திரமாக வந்தது. யாரிடம் காட்டுவது? வீட்டுக்கு வந்து மின்விசிறியைத் திட்டினேன்.

அப்புறம்தான் பேராவூரணி. இந்த முறை நானும் வருகிறேன், ஏறி இறங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று மனைவியும் கிளம்பிவிட்டாள். விற்கிறவர் தேங்காய் வியாபாரம் செய்யும் பாய். தோப்பு நிழலில் நின்ற காரின் கூரையில் தேங்காய் விழுந்த பள்ளம் ஒன்று. மச்சினனுக்கு அதைப் பார்த்ததும் ஒரே குஷி. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டான். பையன் சவுதியிலிருந்து வருகிறான், பெரிய வண்டியாக எடுக்கப்போகிறோம் என்றார். யாருக்கு என்று அவர் கேட்டார். மகளுக்கு என்றேன். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

ஓட்டிப் பார்த்தேன். இன்ஜினில் சத்தமே இல்லை. திரும்பி வந்ததும் அவர் ஒரு விலை சொன்னார், மச்சினன் ஒன்று சொன்னான். அப்புறம் டயர், கிளட்ச், கூரைப் பள்ளம் என்று ஆரம்பித்தான். எனக்கோ அலுப்பு எலும்புவரை இறங்கியிருந்தது. கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அதற்குள் அவள் பின்கதவைத் திறந்தாள். உள்ளே மேலே இருந்த கைப்பிடியில் தடிமனான துணிப்பட்டை ஒன்று கட்டித் தொங்கியது. டயாலிசிஸ் ஊசி ஏறும் இடது கையை அவள் எதிலும் ஊன்றுவதில்லை. வலது கையால் அந்தப் பட்டையைப் பிடித்து, பல நாள் பழகியவள் போல ஏறி உட்கார்ந்துவிட்டாள். முந்தானை விலகி, இடது கையில் கயிறாகப் புடைத்த நரம்பு வெளியே தெரிந்தது. பாய் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

"எந்தக் கிழமைம்மா போறீங்க?"

மகள், காலேஜ் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"செவ்வாய், வெள்ளி" என்றாள் அவள்.

"எங்க வீட்ல திங்களும் வியாழனும்" என்றார். அந்தப் பட்டையைக் கட்டியது அவர்தானாம். மனைவி மௌத்தாகி எட்டு மாதம். ஆள் போன வீட்டு வண்டி என்றால் ராசியில்லை என்று வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்களாம். அதனால்தான் பையன் வருகிறான் என்று சொல்லிவிட்டதாகச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மச்சினன் என்னைத் தென்னை மரத்துப் பக்கம் இழுத்தான். "வேணாம் மாமா. அக்காவ இதுலயா ஏத்தப் போறீங்க?"

ராசி, சகுனம் என்று யார் பேசினாலும் எரிந்து விழுகிறவன் நான். அன்றைக்கு எனக்கும் அவன் சொன்னதே சரியென்று பட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று திரும்பினேன். வண்டிக்குள்ளிருந்து அவள் பாயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டியில எவ்வளவு நாளுங்க போய் வந்தாங்க?"

"ஆறு வருசம்மா."

"ஆறு வருசமா!"

அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன். பயமில்லை, துக்கமுமில்லை. இன்னும் எவ்வளவு நாள் என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம், பார்ப்போம் என்றுதான் டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய காலத்தை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இதையே எடுத்துக்கலாங்க" என்றாள்.